குடல் வருத்தத்துக்கு எங்கே போவது? வன்னியில் இருப்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

மலத்தோடு இரத்தம் போகிறது. அல்லது ஒரு மாதமாக வயிற்றோட்டம் நிற்கவில்லை. அல்லது சாப்பாடு குறையாமலே உடம்பு மெலிகிறது. வன்னியில் ஒரு வீட்டில் இப்படி நடந்தால் ஆளுக்கொரு யோசனை வரும். பக்கத்து ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்துப் பார் என்பார் ஒருவர். கிளிநொச்சிக்குப் போ என்பார் இன்னொருவர். யாழ்ப்பாணத்தில் காசு கட்டிச் சனல் பண்ணினால், அதாவது தனியாரில் நிபுணரைப் பார்த்தால், ஒரே நாளில் முடிந்துவிடும் என்று வெளிநாட்டில் இருந்து தம்பி சொல்வார். பரியாரியாரிடம் ஒரு கஷாயம் குடித்தால் போதும் என்று ஆச்சி சொல்வார். கடைசியில் வயல் வெட்டு முடியட்டும், பிறகு பார்ப்போம் என்று தள்ளிப்போகும்.

நான் வைத்தியர் இல்லை. முல்லைத்தீவுப் பக்கத்தில் உறவுக்காரரையும் அயலாரையும் இந்த வருத்தங்களுக்காக ஆஸ்பத்திரிகளுக்குக் கூட்டிக்கொண்டு போய் வருகிறவள். பார்த்ததையும் வைத்தியர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் வைத்து எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. குடல் நோயைக் கண்டுபிடிக்க எவ்வளவு தூரமும் போகலாம். ஆனால் அதற்கான வைத்தியம் வீட்டுக்குக் கிட்ட நடக்கவேண்டும். இரண்டையும் ஒரே இடத்தில் செய்யப் பார்ப்பதால்தான் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

முதலில் அவசரத்தைப் பிரித்துவிடுவோம். வயிறு இறுகி வீங்கி, வெளிக்கும் போகாமல், காற்றும் பிரியாமல், வாந்தியும் எடுத்தால் அது குடல் அடைப்பாக இருக்கலாம். நிறைய இரத்தம் போய், அல்லது தார் போலக் கறுப்பாகப் போய்த் தலை சுற்றினால் அதுவும் அவசரம். காய்ச்சலோடு தாங்கமுடியாத வயிற்று வலியும் அப்படித்தான். அந்த நேரத்தில் எந்த ஆஸ்பத்திரி நல்லது என்று வீட்டில் கூட்டம் போடக் கூடாது. 1990 அம்புலன்ஸ் 2018 இல் வடக்குக்கு வந்தது, இலவசம். அவர்கள் எங்கே கொண்டு போகிறார்களோ அங்கே போகவேண்டும். விளக்கெண்ணெய், பேதி மருந்து எதுவும் கொடுக்கவேண்டாம். அடைத்த குடலையோ வெடிக்கப்போகிற குடல்வாலையோ பேதி மருந்து இன்னும் மோசமாக்கும்.

இதில் வன்னிக்கென்று ஒரு விசயம் உண்டு. யுத்தத்தில் வயிற்றில் காயப்பட்டுச் சத்திரசிகிச்சை செய்தவர்கள் நம்மிடையே நிறையப் பேர். அப்படித் திறந்து தைத்த வயிற்றுக்குள் குடல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது உண்டு. பத்து, இருபது வருடம் கழித்தும் அந்த ஒட்டலால் திடீரென்று அடைப்பு வரலாம். உங்கள் வயிற்றில் தழும்பு இருந்தால் எந்த வைத்தியரிடம் போனாலும் அதைத்தான் முதலில் காட்டவேண்டும். ஆஸ்பத்திரியில் தந்த பழைய டிக்கட், துண்டு எல்லாம் 2009 இல் தொலைந்துபோயிருக்கும். பரவாயில்லை, எந்த வருடம், எங்கே, குடலில் ஏதாவது வெட்டி எடுத்தார்களா என்று நினைவில் இருப்பதை ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

அவசரம் இல்லாதவை இரண்டு வகை. சிலவற்றுக்குக் குடலுக்குள் பார்த்தே ஆகவேண்டும்: மலத்தோடு இரத்தம், சில கிழமைகளாக மாறிப்போன மலப்பழக்கம், காரணமில்லாத மெலிவு, நித்திரையைக் குழப்பி எழுப்புகிற வயிற்றோட்டம், வயிற்றில் கட்டி, இரும்புச்சத்துக் குறைவால் வருகிற இரத்தச்சோகை. கடைசியாகச் சொன்னதை யாரும் குடலோடு சேர்த்து நினைப்பதில்லை. ஓர் ஆணுக்கோ மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ அப்படியான இரத்தச்சோகை வந்தால், இரும்புக் குளிசை கொடுத்து அனுப்புவதோடு விசயம் முடியக் கூடாது. எங்கேயோ இரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம். இரைப்பையையும் பெருங்குடலையும் பார்க்கவேண்டும்.

மற்றது, வருடக்கணக்காக வயிறு பொருமி, வலித்து, வெளிக்குப் போனால் வலி குறைகிற வகை. மெலிவு இல்லை, இரத்தம் இல்லை, ஆள் இளம் வயது. இது பெரும்பாலும் குடல் எரிச்சல் நோய். கிழமையில் ஒரு நாளாவது வலி வந்து, மூன்று மாதம் தொடர்ந்து, மலம் போவதோடு தொடர்பாக இருந்தால் அப்படிச் சொல்வார்கள். இதற்காக யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் ஓடத் தேவையில்லை. கிட்டடி வைத்தியசாலையே போதும்.

சரி, இனி இடங்கள்.

பிரதேச வைத்தியசாலையைக் குறைவாக நினைக்கவேண்டாம். மலப் பரிசோதனை, இரத்தப் பரிசோதனை, பூச்சி மருந்து ஆகியவை அங்கேயே ஆகலாம், அல்லது அங்கிருந்து ஏற்பாடாகலாம். வயலில் வெறுங்காலோடு நடக்கிறவர்களுக்குக் கொக்கிப்புழுவும் இரத்தச்சோகையைக் கொண்டுவரும். அமீபா வயிற்றுளைவும் உண்டு. ஆனால் ஒரு தடவை அதற்குக் கொடுக்கிற மெற்றோனிடசோல் குடித்துக் குறையவில்லை என்றால், அதையே பார்மசியில் வாங்கித் திரும்பத் திரும்பக் குடிப்பதில் பயன் இல்லை. இரண்டு மூன்று கிழமையில் சரியாகாவிட்டால் அங்கே கேட்கவேண்டியது இன்னொரு குளிசை இல்லை, ஒரு கடிதம். மாவட்ட வைத்தியசாலைக் கிளினிக்குக்கு அந்தக் கடிதத்தோடு போவதற்கும் சும்மா போய் ஓபிடியில் நிற்பதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய நான்கு மாவட்டப் பொது வைத்தியசாலைகளிலும் சத்திரசிகிச்சை நிபுணரின் கிளினிக்கும் பொது மருத்துவ நிபுணரின் கிளினிக்கும் உண்டு. இரத்தம் போனாலோ மலவாசலில் வலி, கட்டி இருந்தாலோ சத்திரசிகிச்சைக் கிளினிக். வயிற்றோட்டம், காய்ச்சல், மெலிவு என்றால் மருத்துவக் கிளினிக். தவறான வரிசையில் நின்றாலும் ஒருவர் மற்றவரிடம் அனுப்புவார், ஒரு நாள்தான் வீணாகும். முழுவதும் இலவசம்.

இங்கே நடக்கிற மிகச் சாதாரணமான ஒரு பரிசோதனையைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். கையுறை போட்டு மலவாசலுக்குள் விரல் விட்டுப் பார்ப்பது. ஒரு நிமிடத்துக்குள் முடியும். மலக்குடலின் கீழ்ப்பகுதியில் வருகிற புற்றுநோய் பல நேரம் விரலிலேயே தட்டுப்படும். அடுத்ததாகக் குட்டைக் குழாய் ஒன்றை வைத்து மூலம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு பெரியம்மா ஒரு வருடத்துக்கு மேல் மூலத்துக்கென்று மருந்து பூசிக்கொண்டிருந்தார். பார்த்த இடத்தில் யாரும் விரல் விட்டுப் பார்க்கவில்லை. அவரும் வெட்கத்தில் கேட்கவில்லை. மூலம் உண்மையிலேயே இருந்தது. அதற்கு மேலே கட்டியும் இருந்தது. மூலம் இருக்கிறது என்பதற்காக இரத்தம் அதிலிருந்துதான் வருகிறது என்று முடிவு கட்டக் கூடாது. பெண்கள் பெண் வைத்தியர் வேண்டும் என்றோ தாதி ஒருவர் பக்கத்தில் நிற்கவேண்டும் என்றோ கேட்கலாம். அது உங்கள் உரிமை, யாரும் குறை நினைக்கமாட்டார்கள்.

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைதான் வடமாகாணத்தின் ஒரே போதனா வைத்தியசாலை. குழாய் விட்டுக் குடலுக்குள் பார்க்கிற கமரா, சீ.டி. ஸ்கான், குடலில் இருந்து எடுத்த தசைத்துண்டை ஆய்வுகூடத்தில் பார்க்கிற நிபுணர், சத்திரசிகிச்சைக்காரர் எல்லோரும் ஒரு கூரைக்குக் கீழே இருப்பதுதான் அதன் பலம். குடல் நோயில் இவர்கள் ஒருவரோடொருவர் கதைப்பது மிக முக்கியம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். பலவீனம் கூட்டமும் தூரமும். கிளிநொச்சியில் இருந்து 65 கிலோமீற்றர் அளவு, முல்லைத்தீவில் இருந்து 100 கிலோமீற்றருக்கு மேல், வவுனியாவில் இருந்து 140 அளவு. வவுனியாக்காரருக்கு அநுராதபுரம் போதனா வைத்தியசாலை ஏறக்குறைய 60 கிலோமீற்றரில் இருக்கிறது. சிங்களம் கதைக்கத் தெரிந்த ஒருவர் கூட வருவார் என்றால் செட்டிகுளம், வவுனியாப் பக்கத்து ஆக்களுக்கு அதுவே வசதி என்பது என் எண்ணம். குடல் நோயில் நோயாளி சொல்கிற கதைதான் பாதிப் பரிசோதனை. எத்தனை தரம், என்ன நிறம், இரவிலா பகலிலா என்பதைச் சைகையால் சொல்லமுடியாது. ஆகவே கூட வர ஆள் இல்லையென்றால் தூரமானாலும் யாழ்ப்பாணமே நல்லது.

தனியாரைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லவேண்டும். காரணம், அதில்தான் காசும் ஏமாற்றமும் அதிகம். யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் சனலிங்கில் பார்க்கிற நிபுணர்களில் பெரும்பாலானவர்கள் பகலில் அரச வைத்தியசாலையில் இருப்பவர்கள்தான். நீங்கள் காசு கொடுத்து வாங்குவது வேறு அறிவை இல்லை. கிட்டின ஒரு திகதியையும், ஆறுதலாகக் கதைக்கச் சில நிமிடங்களையும், இன்ன வைத்தியர் என்று தெரிவு செய்கிற வசதியையும். அந்த மூன்றும் பெறுமதியானவைதான். ஆனால் வருடக்கணக்காக மருந்து எடுக்கவேண்டிய நோய் என்று வந்துவிட்டால் தனியாரிலேயே தொடர்வது ஒரு சாதாரண குடும்பத்தால் முடியாது. மூன்றாம் மாதம் மருந்து நின்றுவிடும். நின்ற மருந்து, தொடங்காத மருந்தை விட மோசமாகவும் முடியலாம்.

நான் ஆக்களுக்குச் சொல்வது கலப்பு வழி. காசு கொஞ்சம் இருந்தால் ஒரே ஒரு தடவை சனல் பண்ணுங்கள். நிபுணரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள்: எங்களால் தொடர்ந்து கட்டமுடியாது, இதை அரச வைத்தியசாலையில் செய்யக் கடிதம் தருவீர்களா? தயங்காமல் எழுதித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். கமராவை மட்டும் தனியாரில் செய்ய முடிவெடுத்தால் முழுச் செலவையும் முன்கூட்டியே கேளுங்கள். கமராவுக்கு ஒரு விலை சொல்வார்கள். மயக்க ஊசி, தசைத்துண்டு எடுப்பது, அதை ஆய்வுகூடத்தில் பார்ப்பது ஆகியவை தனித்தனியாக வரலாம். தசைத்துண்டுக்குக் காசு இல்லை என்று அதைத் தவிர்த்தால் அந்தக் கமராவின் பாதிப் பயனும் போய்விடும்.

கொழும்பும் இந்தியாவும் முதல் தெரிவாக வேண்டாம். ஏற்கெனவே நோய் இன்னது என்று தெரிந்து, இங்கே செய்யமுடியாத ஒன்றுக்காக நிபுணரே அனுப்பினால் போகலாம். சென்னைக்குப் போய் வந்தவர்களில் பலர் அங்கத்தைய மருந்துப் பெயர்களோடு திரும்பி, அதே மருந்து இங்கே என்ன பெயரில் இருக்கிறது என்று தேடுவதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த தெரிவு எந்தப் பரிசோதனை என்பது. நோயாளிகள் விரும்பிக் கேட்பது ஸ்கான். வலியில்லை, கௌரவமாக இருக்கிறது, உடனே ஒரு படம் கையில் கிடைக்கிறது. ஆனால் வயிற்றுக்கு மேலே ஜெல் பூசிச் செய்கிற சாதாரண ஸ்கான் ஈரலையும் பித்தப்பையையும் சிறுநீரகத்தையும்தான் நன்றாகக் காட்டும். குடலுக்குள் காற்று இருப்பதால் உட்சுவரை அது ஒழுங்காகக் காட்டாது. ஸ்கானில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள் என்று நிம்மதியாக இருக்கிறவர்களை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கும். இரத்தம் போகிறவருக்கு அந்த ரிப்போட் ஒரு பதிலே இல்லை.

மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் இருக்கிறதா என்று பார்க்கிற பரிசோதனை உண்டு. கல்புரொடெக்டின் என்ற புரதத்தை அளப்பதும் உண்டு. ஒரு கிராம் மலத்தில் 50 மைக்ரோகிராமுக்குக் குறைவாக இருந்தால் குடலில் அழற்சி இருப்பதற்கான சாத்தியம் குறைவு. குடல் எரிச்சல் நோயா, அழற்சி நோயா என்ற சந்தேகத்தில் தேவையில்லாத கமராவை அது தவிர்க்கும். ஆனால் மூட்டுவலிக் குளிசை குடிக்கிறவர்களுக்கும் கிருமித்தொற்று உள்ளவர்களுக்கும் அது கூடிக் காட்டும். கண்ணால் இரத்தத்தைப் பார்த்தவருக்கு இந்தப் பரிசோதனைகளில் காசைச் செலவழிப்பதில் பெரிய பயன் இல்லை, அவருக்குக் கமராதான்.

சீ.டி. ஸ்கான் புற்றுநோய் பரவியிருக்கிறதா, அடைப்பு எங்கே, சீழ்க்கட்டி இருக்கிறதா என்பதையெல்லாம் காட்டும். காற்றடித்துப் பெருங்குடலையே பார்க்கிற சீ.டி. முறையும் உண்டு. அதற்கும் வயிற்றைச் சுத்தமாக்கவேண்டும். குடலின் உட்சுவரில் வளருகிற சிறிய முளைகளை அது தவறவிடலாம், தசைத்துண்டு எடுக்கவும் முடியாது. கமரா தாங்கமுடியாத வயதானவர்களுக்கு அது சரி. எம்.ஆர்.ஐ. மலக்குடல் புற்றுநோய் எவ்வளவு ஆழத்துக்குப் போயிருக்கிறது என்று பார்க்கத் தேவைப்படும். இங்கே ஒரு கவனம்: உடம்பில் செல் பீஸ் (குண்டுச் சிதறல்) இருக்கிறவர்கள் அந்த அறைக்குள் போவதற்கு முன்பே அதைச் சொல்லவேண்டும். அது பெரிய காந்தம். உள்ளே இருக்கிற இரும்புத்துண்டு அசையலாம், சூடாகலாம். முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து முடிவு செய்வார்கள். சீ.டி.க்கு அந்தப் பயம் இல்லை, படம் மட்டும் அந்த இடத்தில் கொஞ்சம் குழம்பும்.

கமரா என்று நாம் சொல்வது கொலனோஸ்கோப்பி. மலவாசல் வழியாக வளைந்து போகிற குழாயை விட்டு, ஒன்றரை மீற்றர் அளவு நீளமுள்ள பெருங்குடல் முழுவதையும் சிறுகுடலின் கடைசிப் பகுதியையும் பார்ப்பார்கள். அரை மணித்தியாலம் அளவு எடுக்கும். முளை இருந்தால் அப்போதே வெட்டி எடுக்கலாம். ஒரு முளை புற்றுநோயாக மாறப் பெரும்பாலும் பத்து வருடம் அளவு எடுக்கும் என்பதால், எடுத்த முளை தடுத்த புற்றுநோயாக இருக்கலாம். வேறு எந்தப் பரிசோதனையும் இப்படிப் பார்ப்பதையும் வைத்தியத்தையும் ஒன்றாகச் செய்வதில்லை. குடலில் துளை விழுகிற ஆபத்து உண்டு. ஆயிரத்தில் ஒருவருக்கு அல்லது அதற்கும் குறைவு. குறுகிய கமரா 60 சென்ரிமீற்றர் அளவுக்கு, பெருங்குடலின் இடது பக்கத்தை மட்டும் பார்க்கும். இனிமா வைத்தால் போதும், இரவு முழுவதும் பேதி மருந்து குடிக்கத் தேவையில்லை. பிரகாசமான சிவப்பு இரத்தம் மட்டும் போகிற இளம் வயதினருக்கு வைத்தியர் அதைச் சொன்னால் ஏற்கலாம். இரத்தச்சோகைக்கு அது போதாது.

முழுக் கமராவில் வன்னி ஆக்களைத் தோற்கடிப்பது குழாய் இல்லை, அதற்கு முந்திய இரவுதான். குடல் சுத்தமாக இருந்தால்தான் ஏதாவது தெரியும். பல லீற்றர் மருந்துத் தண்ணீரைக் குடித்து, இரவு முழுவதும் வெளிக்குப் போய்க்கொண்டே இருக்கவேண்டும். அதைக் குடித்துவிட்டு ஒட்டுசுட்டானில் இருந்தோ துணுக்காயில் இருந்தோ விடிய பஸ் ஏறி யாழ்ப்பாணம் போவது எப்படி? இதை யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. பயத்தில் பாதி மருந்தைக் குடிக்காமல் விடுகிறார்கள். அங்கே போனதும் குடல் சுத்தமில்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள். திகதி கொடுக்கும்போதே நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள் என்று தாதி மிஸியிடம் சொல்லுங்கள். முதல் நாளே வாட்டில் சேர்க்கமுடியுமா என்று கேளுங்கள். இல்லையென்றால் யாழ்ப்பாணத்தில் கக்கூசு வசதியுள்ள ஓர் உறவுக்காரர் வீட்டில் முதல் நாள் மத்தியானமே போய் இருங்கள். தூரத்தில் இருந்து வருகிறவருக்கு மத்தியானத்துக்குப் பிந்திய நேரம் கேட்பதும் நியாயமானதுதான். மருந்தை முதல் நாள் பாதி, அன்று காலை பாதி என்று பிரித்துக் குடித்தால் குடல் நன்றாகச் சுத்தமாகும் என்பதால் வைத்தியர்களும் அதை விரும்புவார்கள்.

அதற்கு முந்தைய இரண்டு மூன்று நாள் சாப்பாட்டில் சிவப்பரிசி, குரக்கன், கீரை, ஒடியல் கூழ், கொய்யா, தக்காளி விதை வேண்டாம். வெள்ளைச் சோறு, பாண், முட்டை, மீன் போதும். முதல் நாள் இளநீர், ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கிற உப்புத் தூள்), வெறும் தேத்தண்ணி என்று தெளிந்தவை மட்டும். சிவப்புச் சர்பத் வேண்டாம், உள்ளே அது இரத்தம் போலத் தெரியும். இரும்புக் குளிசையை ஒரு கிழமைக்கு முன் நிறுத்தச் சொல்வார்கள். சீனி வருத்தத்துக்கு இன்சுலின் போடுகிறவர்களும் இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுக்கிறவர்களும் தாங்களாக நிறுத்தாமல் கேட்டுச் செய்யவேண்டும். வவுனியா, முல்லைத்தீவின் சில பகுதிகளில் சிறுநீரக நோய் அதிகம். அந்த நோய் இருந்தால் பேதி மருந்து தருவதற்கு முன்பே சொல்லுங்கள். பொஸ்பேட் உள்ள வகை சிறுநீரகத்தைக் கெடுக்கும், வேறு வகை தருவார்கள். சீ.டி.க்குச் சாயம் ஏற்றுவதற்கு முன்பும் அப்படித்தான். பரிசோதனை முடிந்தபின் மயக்கம் முழுவதும் தெளிய ஒரு நாள் செல்லும். மோட்டார் சைக்கிள் ஓடக் கூடாது, கூட ஓர் ஆள் கட்டாயம் வேண்டும்.

தசைத்துண்டும் நிபுணர்கள் ஒருவரோடொருவர் கதைப்பதும் ஏன் முக்கியம் என்று பின்னால் சொல்கிறேன் என்றேன் அல்லவா? சிறுகுடலும் பெருங்குடலும் சேருகிற இடத்தில் புண்ணும் சுருக்கமும் இருந்தால், நம் நாட்டில் அது குரோன்ஸ் என்கிற நீடித்த குடல் அழற்சி நோயாகவும் இருக்கலாம், குடல் காசநோயாகவும் இருக்கலாம். கமராவில் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரித் தெரியும். மெலிவு, வலி, காய்ச்சல் எல்லாம் ஒன்றுதான். ஆனால் வைத்தியம் நேர் எதிர். குரோன்ஸ் நோய்க்கு உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கிற ஸ்டீரொயிட் கொடுப்பார்கள். அதைக் காசநோய் உள்ளவருக்குக் கொடுத்தால் கிருமி உடம்பெங்கும் பரவும். அமீபாப் புண்ணுக்கும் அதே ஆபத்து. தசைத்துண்டில் காசநோய்க் கிருமியைத் தேடி, நெஞ்சு எக்ஸ்ரேயும் பார்த்து, மூன்று நான்கு நிபுணர்கள் சேர்ந்து எடுக்கவேண்டிய முடிவு இது. யாழ்ப்பாணம் வரை போவது பிரயோசனம் என்று நான் சொல்வது முக்கியமாக இதற்காகத்தான். ஒரு தனி இடத்தில் ஒரே நாளில் ஸ்டீரொயிட் தொடங்குகிற அவசரத்தை நான் விரும்பமாட்டேன்.

கமரா முடிந்ததோடு வேலை முடிந்தது என்று வீட்டுக்கு வந்துவிடுகிறவர்கள் பலர். தசைத்துண்டு ரிப்போட் வரச் சில கிழமை செல்லும். எந்தத் திகதி, எந்த அறை, யாரிடம் என்று கேட்டுக் கிளினிக் கொப்பியிலேயே எழுதுவித்துக்கொள்ளுங்கள். எடுக்காத ரிப்போட்டில் எழுதியிருக்கிற நோய்க்கு யாரும் வைத்தியம் தொடங்கமாட்டார்கள்.

நோய் இன்னதென்று தெரிந்தபின் நிலைமை மாறுகிறது. காசநோய் என்றால் ஆறு மாத மருந்து, இலவசம். மாவட்ட மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் பதிந்து, வீட்டுக்குக் கிட்டிய வைத்தியசாலையிலேயே எடுக்கலாம். பெருங்குடல் அழற்சி என்றால் மெசலசீன் போன்ற குளிசைகள் நீண்ட காலத்துக்கு. எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கிற அசதயோபிரின் தொடங்கினால் வெள்ளணுக்களும் ஈரலும் சரியாக இருக்கிறதா என்று ஆரம்பத்தில் அடிக்கடியும் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் இரத்தம் பார்க்கவேண்டும். அந்த இரத்தத்தைக் கிளிநொச்சியிலோ முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலை இருக்கிற மாஞ்சோலையிலோ பார்க்கலாம். அதற்காக 100 கிலோமீற்றர் போய்வர வேண்டியிருந்தால் ஆறாம் மாதத்தில் ஆக்கள் விட்டுவிடுவார்கள். யாழ்ப்பாணத்து நிபுணரிடம் இதை உங்கள் மாவட்டக் கிளினிக்குக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். வருடத்தில் ஒன்றிரண்டு தடவை மட்டும் அவரிடம் போனால் போதும் என்ற நிலைக்கு வருவதுதான் நல்ல ஏற்பாடு. இன்ஃபிளிக்சிமாப் போன்ற விலை கூடிய ஊசி தேவைப்பட்டால் அதற்குத் தூரம் போகத்தான் வேண்டும்: முதல் நாள், இரண்டாம் கிழமை, ஆறாம் கிழமை, பிறகு எட்டுக் கிழமைக்கு ஒருமுறை. அதற்கு முன் உறங்கிக் கிடக்கிற காசநோய் இருக்கிறதா என்று பார்த்தார்களா என்று கேளுங்கள். பெருங்குடல் அழற்சி தொடங்கி எட்டு வருடம் ஆனவர்கள், சுகமாக இருந்தாலும், புற்றுநோய்க்காகத் திரும்பக் கமரா பார்க்கவேண்டும்.

புற்றுநோய் என்று வந்தால் முதலில் பெரும்பாலும் சத்திரசிகிச்சை. மலக்குடலின் கீழ்ப்பகுதி என்றால் சில நேரம் கதிர்ச்சிகிச்சையும் மருந்தும் முன்னால் வரும். தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. 2011 இல் தெய்வேந்திரமுனையில் இருந்து பருத்தித்துறை வரை ஆக்கள் நடந்து சேர்த்த பணம் அதற்குப் போனது. எல்லாவற்றுக்கும் கொழும்புப் பக்கத்து மகரகம புற்றுநோய் வைத்தியசாலை என்று ஓடிய காலம் மாறியிருக்கிறது. மகரகமவுக்கு நிபுணர் அனுப்பினால் போகவேண்டும், அவர் அனுப்பாமல் நாமாகப் போகத் தேவையில்லை. ஒரு தடவை புற்றுநோய் மருந்தை ஊசியால் ஏற்றியபின் அடுத்த தடவைக்கு முன் பார்க்கிற இரத்தப் பரிசோதனையை உங்கள் மாவட்டத்தில் செய்து ரிப்போட்டைக் கொண்டு வரலாமா என்று கேளுங்கள்; ஒரு பயணமும் ஒரு நாள் கூலியும் மிஞ்சும்.

மலம் வெளியேற வயிற்றில் பை வைக்கவேண்டி வரும் என்று சொன்னதும் சத்திரசிகிச்சையே வேண்டாம் என்று எழும்பி வந்தவர்களைத் தெரியும். பை எல்லோருக்கும் வருவதில்லை. வந்தாலும் பலருக்கு அது சில மாதத்துக்குத்தான், தைத்த இடம் ஆறியதும் திரும்ப மூடிவிடுவார்கள். நிரந்தரமாக வைத்துக்கொண்டு தோட்டம் செய்கிறவர்களும் கடை நடத்துகிறவர்களும் வன்னியில் இருக்கிறார்கள். யுத்தத்தில் காயப்பட்டு அந்தப் பையோடு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர்கள் இருக்கிறார்கள். அப்படியான ஒருவரோடு நோயாளியைக் கதைக்க விடுங்கள். வைத்தியர் ஒரு மணித்தியாலம் விளக்குவதை விட அது உதவும். பை எங்கே இலவசமாகக் கிடைக்கும், எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்றுவது, வெயிலில் வியர்த்து ஒட்டு விட்டால் என்ன செய்வது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

ஒருவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் என்று உறுதியானால் அவருடைய பெற்றோர், சகோதரர், பிள்ளைகள் எல்லோரும் கணக்கில் வருகிறார்கள். அவர்கள் 40 வயதிலோ, நோய் வந்தவரின் வயதுக்குப் பத்து வருடம் முன்னதாகவோ, இதில் எது முந்துகிறதோ அந்த வயதில், நோய்க்குறி எதுவும் இல்லாவிட்டாலும் கமரா பார்க்கவேண்டும். அண்ணனுக்கு 44 இல் வந்தால் தம்பி 34 இல். அண்ணனின் ரிப்போட்டில் ஒரு பிரதி எடுத்துத் தம்பி தன் மாவட்டச் சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனால் அங்கிருந்தே திகதிக்குக் கடிதம் கொடுப்பார்கள். கனடாவிலும் பிரான்சிலும் இருக்கிற சகோதரர்களுக்கும் அந்தப் பிரதியை அனுப்பிவிடுங்கள்.